செடியைத் ‘துணை’யாக்கும் நவீன விட்ச்கள்... கலிபோர்னியா மலையடிவாரத்தில் வெள்ளை சேஜ் மூட்டை மூட்டையாகத் திருடுபோவது ஏன்?

பால்கனியில் ஒரு ரோஸ்மேரித் தொட்டி. அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார் ஒரு இளம்பெண். மடியில் நோட்டுப் புத்தகம். செடிக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறார். மெதுவான குரலில் ஏதோ கேட்கிறார். ஒரு நிமிடம் காத்திருக்கிறார். பிறகு ஒரே ஒரு கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு ‘தேங்க்ஸ்’ சொல்கிறார். வீடியோ முடிந்தது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இப்படிப்பட்ட வீடியோக்களுக்குப் பெரிய ரசிகர் கூட்டம் இருக்கிறது. டிக்டாக்கில் ‘விட்ச்டாக்’ என்ற ஹேஷ்டேக் பல நூறு கோடி முறை பார்க்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் டிக்டாக் 2020-லேயே தடை செய்யப்பட்டுவிட்டாலும், இதே வீடியோக்கள் இன்ஸ்டா ரீல்ஸ் வழியாக நம் போனுக்கும் வந்துவிடுகின்றன. இவர்கள் தங்களை ‘விட்ச்’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள். செடியை ‘பிளான்ட் அல்லை’ என்கிறார்கள். தமிழில் சொன்னால், தாவரத் துணை.

‘அட, செடிகிட்ட பேசுறதுக்கு இவ்வளவு பில்டப்பா?’ என்று சிரிக்கத் தோன்றலாம். ஆனால் இந்த ஆர்வத்துக்குப் பின்னால் ஒரு காட்டுச்செடி களவுபோகும் கதையும், சிலர் மருத்துவமனை வரை போகும் கதையும் இருக்கின்றன. முழுசாகப் பார்க்கலாம்.

முதலில், இது பில்லி சூனியமா?

இல்லை. தமிழில் ‘விட்ச்கிராஃப்ட்’ என்றதும் செய்வினை, ஏவல் என்றுதான் நினைவுக்கு வரும். ‘சூனியக்காரி’ என்ற பட்டம் நம் நாட்டில் ஓர் உயிரையே எடுக்கக்கூடியது. பீகார் 1999-லும், ஜார்க்கண்ட் 2001-லும் பெண்களுக்கு அப்படிப் பட்டம் கட்டுவதைத் தடுக்கத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலும் கதை இதுதான். 15 முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை அங்கே சூனியக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்டவர்கள் 40 ஆயிரம் முதல் 60 ஆயிரம் பேர் இருக்கலாம் என்பது வரலாற்றாய்வாளர்களின் கணிப்பு.

நவீன விட்ச்கள் அந்த வசைச் சொல்லையே எடுத்துத் தங்களுக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டவர்கள். பெரும்பாலானோருக்கு இது ஒரு மதம், அல்லது மதம் மாதிரியான ஒரு வாழ்க்கைமுறை. பருவங்களைக் கொண்டாடுவது, நிலவைப் பார்த்துச் சடங்கு செய்வது, இயற்கையைத் தெய்வமாகப் பார்ப்பது, இவ்வளவுதான். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2021-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 74 ஆயிரம் பேர் தங்கள் மதம் ‘பேகன்’ என்றும், சுமார் 13 ஆயிரம் பேர் ‘விக்கா’ என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த விக்காவை 1950-களில் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். பிரிட்டனில் 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951-ல் ரத்தானது. 1954-ல் ‘விட்ச்கிராஃப்ட் டுடே’ என்ற புத்தகத்தை வெளியிட்டார் கார்ட்னர். இதில் நமக்கு ஒரு சின்ன ஆச்சரியம் உண்டு. இந்த மனிதர் பதின்ம வயதில் வேலை பழகப் போனது இலங்கையின் தேயிலைத் தோட்டத்துக்கு. அதன் பிறகு மலாயாவில் ரப்பர் தோட்டம், பிறகு அங்கேயே சுங்க அதிகாரி வேலை. தமிழ்த் தொழிலாளர்கள் ரத்தமும் வியர்வையும் சிந்திய அதே தோட்டங்கள் நிறைந்த ஆசிய நாடுகளில் சுமார் 35 ஆண்டுகளைக் கழித்துவிட்டு, 1936-ல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய பிறகுதான் அவர் ‘விட்ச்’ ஆனார்.

மளிகைப் பட்டியல் மாதிரி இருந்த மூலிகைகள்

மந்திரத்தில் மூலிகைக்கு எப்போதுமே இடம் உண்டு. ஆனால் இடம் என்றால் எப்படிப்பட்ட இடம் என்பதுதான் கேள்வி.

1652-ல் லண்டன் மருத்துவர் நிக்கோலஸ் கல்பெப்பர் ஒரு மூலிகைப் புத்தகம் எழுதினார். லத்தீன் தெரியாத ஏழைகளும் படிக்கட்டும் என்று ஆங்கிலத்தில் எழுதினார். அதில் ஒவ்வொரு செடியையும் ஒரு கிரகத்தின் ஆளுகையில் வைத்தார். நவகிரக ஹோமத்தில் சூரியனுக்கு எருக்கு, சனிக்கு வன்னி என்று சமித்து பிரித்துப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று புரிந்துவிடும்.

சுமார் 330 ஆண்டுகள் கழித்து, 1985-ல் ஸ்காட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் மந்திர மூலிகைகளுக்கு ஒரு கலைக்களஞ்சியம் வெளியிட்டார். 400-க்கும் மேற்பட்ட செடிகள். ஒவ்வொன்றுக்கும் கிரகம் என்ன, பூதம் என்ன, ஆணா பெண்ணா, எதற்குப் பயன்படும் என்று வரிசையாகப் போட்டிருந்தார். பணத்துக்குத் துளசி வகையைச் சேர்ந்த பேசில், பாதுகாப்புக்கு ரோஸ்மேரி என்கிற ரீதியில். இன்றும் பல விட்ச்களின் அலமாரியில் இந்தப் புத்தகம் இருக்கிறது. படிக்க எளிது, ஆனால் உண்மையைச் சொன்னால் கிட்டத்தட்ட மளிகைப் பட்டியல்தான். இந்தச் சடங்குக்கு இது 2 ஸ்பூன், அது ஒரு சிட்டிகை. செடி இங்கே வெறும் சரக்கு.

கடந்த 20, 30 ஆண்டுகளில் இந்தப் பார்வைக்கு எதிராக ஒரு குரல் கிளம்பியது. ‘செடி சரக்கு இல்லை, அது ஒரு உயிர். அதற்கென்று குணம் உண்டு, விருப்பு வெறுப்பு உண்டு. அதோடு பழகினால்தான் அது நமக்குத் துணை வரும்’ என்பதுதான் அந்தக் குரல். ‘பிளான்ட் அல்லை’ என்ற சொல் இங்கிருந்துதான் பிரபலமானது.

இது முழுக்கப் புதுக் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் ஆயிரம் ஆண்டு பழமையான ஒரு மருத்துவக் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. அதில் 9 மூலிகைகளைப் பற்றிய பழைய ஆங்கில மந்திரப் பாட்டு ஒன்று வருகிறது. ‘மக்வர்ட்’ என்ற செடியை நேருக்கு நேர், முன்னிலையில் விளித்துத்தான் அந்தப் பாட்டு தொடங்குகிறது. ஆளைக் கூப்பிட்டுப் பேசுகிற மாதிரி. (மக்வர்ட் வேறெதுவும் இல்லை, நம் மரிக்கொழுந்தின் ஒன்றுவிட்ட சகோதரி. இரண்டும் ‘ஆர்ட்டிமீசியா’ என்ற ஒரே பேரினம்.) டென்மார்க்கிலும் எல்டர் மரத்துக்குள் ஒரு தாய் குடியிருக்கிறாள், அவளிடம் கேட்காமல் கிளை வெட்டக் கூடாது என்ற நம்பிக்கை இருந்தது.

இப்போதைய அலைக்குப் பெரிய தூண்டுதல் 2013-ல் வந்த ‘பிரெய்டிங் ஸ்வீட்கிராஸ்’ என்ற புத்தகம். எழுதியவர் ராபின் வால் கிம்மரர். இவர் விட்ச் கிடையாது. பொட்டவாட்டமி என்ற அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்த தாவரவியல் பேராசிரியர். ஆங்கிலத்தில் மரத்தை ‘இட்’ என்கிறோம், பொட்டவாட்டமி மொழியிலோ மரமும் செடியும் உயிருள்ளவர்களின் வரிசையில் வரும் என்கிறார். நமக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. அவர் மொழியில் மரம் ‘உயர்திணை’ப் பக்கம் நிற்கிறது, நம் இலக்கணத்தில் ‘அஃறிணை’. ஆனாலும் புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு உண்டு என்று சொல்லி அவற்றை உயிர்களின் வரிசையில் முதலில் வைத்தது தொல்காப்பியம்.

எப்படிப் ‘பழகுகிறார்கள்’?

ஒரு நேரத்தில் ஒரு செடி. இதுதான் பெரும்பாலோர் சொல்லும் முதல் விதி. வீட்டைச் சுற்றி, தெருவோரத்தில் தானாக வளரும் செடிகளில் எது அடிக்கடி கண்ணில் படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பிறகு தினமும் அதன் பக்கத்தில் சில நிமிடம் உட்கார வேண்டும். இலை, பூ, பூச்சி, வாசனை எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். படம் வரைய வேண்டும். தாவரவியல் பெயரையும் விஷத்தன்மையையும் புத்தகத்தில் தேடிப் படிக்க வேண்டும். முடிந்தால் விதையிலிருந்தே வளர்க்க வேண்டும். பதிலுக்குச் செடிக்குத் தண்ணீர், ஒரு பாட்டு, சிலர் தங்கள் தலைமுடி ஒன்றைக்கூட வைக்கிறார்கள். இரவில் கனவு வந்தால் அதையும் நோட்டில் குறிக்கிறார்கள். மக்வர்ட் இலையைத் தலையணைக்குள் வைத்துத் தூங்குவதும் இதற்காகத்தான்.

பறிப்பதற்கு முன்பு அனுமதி கேட்பதுதான் இதில் எல்லோரும் பேசும் சடங்கு. சரி, செடி ‘சரி’ன்னு சொல்லிச்சா ‘வேண்டாம்’னு சொல்லிச்சா, எப்படித் தெரியும்? மனசுக்குத் தோன்றும் என்கிறார்கள் சிலர். நமக்கு வேண்டிய பதில்தான் நம் மனசுக்குத் தோன்றும் என்பது வேறு விஷயம். கிம்மரர் சொல்லும் வழி இன்னும் தெளிவானது. அனுமதி கேட்டுவிட்டு, கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்க்க வேண்டும். இங்கே இந்தச் செடி போதுமான அளவு இருக்கிறதா? நாம் எடுத்தால் தாங்குமா? கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால் அதுவே ‘வேண்டாம்’ என்ற பதில். முதலில் கண்ணில் படுவதை எடுக்காதே, கடைசி ஒன்றை எடுக்காதே, பாதிக்கு மேல் எடுக்காதே, எடுத்ததற்கு ஏதாவது திருப்பிக் கொடு என்று அவர் தொகுத்துச் சொல்லும் பூர்வகுடி நெறிகளை இன்று பல விட்ச்கள் தங்கள் விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

செடிக்குக் கேட்குமா என்பதற்கு அறிவியல் என்ன சொல்கிறது? மோனிகா கக்லியானோ என்ற ஆய்வாளர் 2014-ல் தொட்டாற்சிணுங்கித் தொட்டிகளைச் சிறிது உயரத்திலிருந்து திரும்பத் திரும்பக் கீழே விழவைத்துப் பார்த்தார். முதலில் இலையை மூடிக்கொண்ட செடி, ஆபத்து இல்லை என்று ‘தெரிந்த’ பிறகு மூடுவதை நிறுத்திவிட்டது. சுமார் ஒரு மாதம் கழித்தும் அந்தப் பாடம் மறக்கவில்லை என்றது அவரது ஆய்வு. இதை வைத்துச் செடிக்கு மனம் இருக்கிறது என்று பேசத் தொடங்கியதும், தாவரவியலாளர்கள் குழு ஒன்று 2019-ல் கடுமையாக மறுத்து எழுதியது. செடிகளுக்குச் சுயநினைவு இல்லை, அது அவற்றுக்குத் தேவையும் இல்லை என்பது அவர்கள் வாதம். செடிகள் சூழலை நன்றாக உணர்கின்றன, எதிர்வினை காட்டுகின்றன என்பதில் சண்டை இல்லை. நம் கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்பதற்குத்தான் சான்று இல்லை.

வெள்ளை சேஜ்: துணை என்று சொல்லிக்கொண்டே...

இதுவரை படித்ததை வைத்துப் பார்த்தால், செடியை மதிக்கும் கூட்டம்தானே, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றும். அங்கேதான் வெள்ளை சேஜ் வருகிறது.

‘சால்வியா அபியானா’ என்பது தாவரவியல் பெயர். துளசி, ரோஸ்மேரி எல்லாம் வரும் அதே குடும்பம். சாம்பல் பூசினாற்போல் வெளிறிய இலை, கடுமையான வாசனை, தேனீக்கள் மொய்க்கும் வெள்ளைப் பூங்கொத்து. பெயரில் உள்ள ‘அபியானா’வே தேனீயைக் குறிப்பதுதான். உலகத்தில் இது இயற்கையாக வளர்வது தெற்கு கலிபோர்னியாவிலும், எல்லை தாண்டி மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவின் வடக்குப் பகுதியிலும் மட்டும்தான். நகரங்கள் பெருகப் பெருக அந்தப் புதர்க்காடும் சுருங்கிக்கொண்டே வருகிறது.

சூமாஷ், கவியா, குமெயாய், தொங்வா போன்ற பூர்வகுடிகளுக்கு இது மருந்து, உணவு, சடங்குப் பொருள், சொந்தக்காரர் எல்லாம். இந்த மக்களின் வழிபாட்டுக்கு அமெரிக்க அரசு என்ன செய்தது தெரியுமா? 1883-ல் ‘இந்தியக் குற்றங்கள் விதித்தொகுப்பு’ என்று ஒன்றைக் கொண்டுவந்து, பூர்வகுடிகளின் சடங்கு நடனங்களையும் அவர்களது மருத்துவர்களின் சடங்குகளையும் குற்றமாக்கியது. மீறினால் ரேஷன் நிறுத்தம், சிறை. தங்கள் மதத்தைப் பின்பற்றும் உரிமையைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வந்தது 1978-ல்தான். அதாவது, இன்று உயிரோடு இருக்கும் பாட்டி தாத்தாக்களின் இளமைக் காலம் வரை இந்தக் கெடுபிடி நீடித்தது.

அதற்கு அடுத்த சில பத்தாண்டுகளிலேயே அதே இலையைக் கட்டு கட்டாகச் சுருட்டி, நூல் சுற்றி, ‘வீட்டில் உள்ள நெகட்டிவ் எனர்ஜி போகும்’ என்று கடைகளில் விற்கத் தொடங்கினார்கள். யோகா ஸ்டூடியோ, பரிசுப் பொருள் கடை, ஆன்லைன் என்று பரவியது. 2018-ல் பின்ரோஸ் என்ற வாசனைத் திரவிய நிறுவனம் ஒரு படி மேலே போய் ‘ஸ்டார்ட்டர் விட்ச் கிட்’ ஒன்றைத் தயாரித்தது. செஃபோரா கடைகளில் விற்பதற்காக, விலை 42 டாலர். சென்ட் பாட்டில், டாரட் சீட்டு, ஒரு கல், கூடவே வெள்ளை சேஜ் கட்டு. பூர்வகுடி மக்கள் கொதித்தார்கள். நிஜ விட்ச்களும் ‘எங்கள் மதம் என்ன மேக்கப் செட்டா?’ என்ற தொனியில் திட்டித் தீர்த்தார்கள். விற்பனைக்கு வரும் முன்பே நிறுவனம் மன்னிப்பு கேட்டுப் பெட்டியைத் திரும்பப் பெற்றது.

அதே 2018-ல், ஜூன் மாதம், லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே ராஞ்சோ குகமோங்கா ஊரை ஒட்டிய நார்த் எட்டிவாண்டா பாதுகாப்பு வனத்தில் 4 பேர் பிடிபட்டார்கள். அவர்களிடம் இருந்தது சுமார் 400 பவுண்டு, அதாவது 180 கிலோ வெள்ளை சேஜ். மலையடிவாரத்தில் சுமார் 1,200 ஏக்கர் பரப்புள்ள இடம் அது. காய்ந்த பிறகு காற்றாய்ப் போகும் இலை 180 கிலோ என்றால் எத்தனை புதர் மொட்டையாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கலிபோர்னியா சட்டப்படி நிலத்துக்காரரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பறிப்பது குற்றம். ஆனால் மலைக்காட்டில் யார் நின்று காவல் காப்பது?

சந்தன மரக் கடத்தலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கதையின் போக்கு நன்றாகத் தெரியும். காட்டில் வெட்டுபவனுக்குக் கூலி, நடுவில் இருப்பவனுக்குக் காசு, கடைசியில் வாங்குபவருக்கு எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. சந்தனத்துக்காவது வனத்துறை, பர்மிட், ஏலம் என்று ஒரு கட்டமைப்பு இருந்தது. வெள்ளை சேஜ் அமெரிக்க அரசின் அழிவுநிலை இனங்கள் பட்டியலில்கூட இல்லை. அதனால் கடையில் இருக்கும் கட்டு தோட்டத்தில் விளைந்ததா, காட்டில் திருடியதா என்று கண்டுபிடிக்க வாடிக்கையாளருக்கு வழியே இல்லை. கலிபோர்னியா நாட்டுத் தாவரச் சங்கம் இதைப் பற்றி ‘சேஜிங் தி வேர்ல்டு’ என்ற ஆவணப்படத்தையே 2022-ல் வெளியிட்டது. சந்தையில் உள்ள வெள்ளை சேஜில் பெரும்பகுதி காட்டிலிருந்து வருவதுதான் என்பது அந்தச் சங்கத்தின் குற்றச்சாட்டு.

செடியிடம் அனுமதி கேட்டுவிட்டு ஒரு கொழுந்து கிள்ளும் அதே பழக்கம்தான், கேட்காமல் வேரோடு பிடுங்கும் ஒரு சந்தையையும் வளர்த்துவிட்டது. விட்ச்கள் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. வெல்னஸ் வியாபாரம் அவர்களைவிடப் பல மடங்கு பெரியது. ஆனாலும் ‘துணை’ என்ற சொல்லைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உறுத்த வேண்டும். பலருக்கு உறுத்தியும் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

94 சதவீத பாக்டீரியா சாகுமா?

வெள்ளை சேஜ் விற்கும் பக்கங்களில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: ‘இந்தப் புகை காற்றில் உள்ள 94% பாக்டீரியாவை அழிக்கிறது, ஆய்வில் நிரூபணம்.’

அந்த ஆய்வு உண்மையானதுதான். 2007-ல் வெளியானது. ஆனால் செய்தவர்கள் லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள். அவர்கள் மூடிய அறையில் ஒரு மணி நேரம் எரித்தது வட இந்தியாவில் ஹோமத்துக்குப் போடும் ‘ஹவன் சாமக்ரி’ கலவையையும் விறகையும். கலிபோர்னியா சேஜுக்கும் அந்த ஆய்வுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! நம் ஹோமப் புகையின் ரிசல்ட்டைத் தூக்கி அமெரிக்கச் செடியின் லேபிளில் ஒட்டிவிட்டார்கள். அதற்காக ஹோமப் புகையை மூடிய அறையில் சுவாசிக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தப் புகையாக இருந்தாலும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கெடுதல்தான்.

‘விஷப் பாதை’ என்று ஒன்று

வெள்ளை சேஜால் செடிக்கு ஆபத்து என்றால், இன்னொரு பிரிவில் ஆபத்து மனிதருக்கு. பெல்லடோனா, ஹென்பேன், மேண்ட்ரேக், ஊமத்தை போன்ற நச்சுச் செடிகளையே துணையாகத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. ‘பாய்சன் பாத்’ என்று இதற்குப் பெயர். நால்வரும் கத்தரிக்காய், தக்காளி குடும்பத்தின் முரட்டு உறவுக்காரர்கள். ஹாரி பாட்டர் படத்தில் தொட்டியிலிருந்து பிடுங்கியதும் குழந்தை மாதிரி வீறிடுமே, அது மேண்ட்ரேக்தான். மனித உருவம் போன்ற அதன் வேரைப் பற்றி ஐரோப்பாவில் அப்படி ஒரு கதை உண்டு.

16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நூல்களில் ‘பறக்கும் களிம்பு’ என்று ஒன்று வருகிறது. சூனியக்காரிகள் அதைத் தடவிக்கொண்டு பறந்தார்களாம். குற்றம் சாட்டப்பட்ட பெண்கள் உண்மையிலேயே அப்படி எதையும் பூசினார்களா என்பதில் வரலாற்றாய்வாளர்களுக்குச் சந்தேகம். ஆனால் வேதியியல் கதை இல்லை. இந்தச் செடிகளில் அட்ரோபின், ஸ்கோபோலமைன் போன்ற ஆல்கலாய்டுகள் உள்ளன. ஸ்கோபோலமைன் தோல் வழியாகவே உடலுக்குள் போகும். பயணத்தில் வாந்தி வராமலிருக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டும் பேட்ச் அதே மருந்துதான். பெல்லடோனாவிலிருந்து கிடைத்த அட்ரோபின், பூச்சிக்கொல்லி விஷம் ஏறியவர்களைக் காப்பாற்ற இன்றும் நம் அரசு மருத்துவமனைகளில் ஊசியாகப் போடப்படுகிறது.

மருத்துவமனையில் அளவு தெரிந்து போடுகிறார்கள். செடியில் அளவு எழுதியிருக்காது. ஒரே வகைச் செடியில், ஏன் ஒரே செடியின் வேறு வேறு பாகத்தில்கூட நச்சின் அளவு மாறும். நாக்கு வறண்டு, கண்மணி விரிந்து, உடல் கொதித்து, இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, இதயம் தாறுமாறாகத் துடிக்கும் நிலைக்குப் போய்விடும். ஊமத்தை நம் ஊர் புறம்போக்கில் சர்வசாதாரணமாக முளைப்பது என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: ரீல்ஸ் பார்த்து அதைத் தொட்டு விளையாட வேண்டாம்.

அனுபவம் உள்ள விஷப் பாதைக்காரர்கள் பலர் இந்தச் செடிகளைத் தின்பதும் இல்லை, பூசுவதும் இல்லை. தோட்டத்தில் வளர்த்து, பார்த்து, படம் வரைவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிரச்சினை புதியவர்களிடம்தான். அதுவும் ‘மென்மையான மூலிகை’ என்று நினைத்து எடுப்பதில்தான் நிறைய ஏமாற்றம். பூ விடுவதற்கு முன் ஃபாக்ஸ்குளோவ் இலை பார்க்கக் கம்ஃப்ரே இலை மாதிரியே இருக்கும். கம்ஃப்ரே டீ என்று நினைத்து ஃபாக்ஸ்குளோவைக் கொதிக்கவைத்துக் குடித்தவர்கள் இதயத்துடிப்பு தடுமாறி மருத்துவமனையில் சேர்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இதய நோய்க்குத் தரும் டிகாக்சின் வருவது ஃபாக்ஸ்குளோவ் வகைச் செடியிலிருந்துதான், அதனால்தான் இந்த விளைவு.

பென்னிராயல் இன்னொன்று. புதினா வகை, வாசனையும் அப்படித்தான் இருக்கும். அதன் எண்ணெய் கல்லீரலைச் சிதைக்கும். 1978-ல் அமெரிக்காவின் கொலராடோவில் கருவைக் கலைக்க அந்த எண்ணெயைக் குடித்த 18 வயதுப் பெண் இறந்துபோனார். 2022-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை ரத்து செய்ததும், பென்னிராயல், மக்வர்ட் பெயர்கள் மறுபடியும் டிக்டாக்கில் சுற்ற ஆரம்பித்தன. மருத்துவர்கள் அவசரமாக எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. கருக்கலைப்புச் சட்டம் ஒரு பக்கம் இறுக, பயந்துபோன பெண் தேடிப்போகும் இடம் இன்னொரு பெண்ணின் ‘மூலிகை வீடியோ’வாக இருந்தால் அது எவ்வளவு ஆபத்து!

இப்போது என்ன செய்கிறார்கள்?

வெள்ளை சேஜ் விவகாரம் வெளியே வந்த பிறகு விட்ச் வட்டாரத்தில் பேச்சும் மாறத் தொடங்கியது. ‘ஸ்மட்ஜிங்’ என்ற சொல்லைப் பலர் விட்டுவிட்டார்கள். அது பூர்வகுடி மக்களின் சடங்கைக் குறிக்கும் சொல் என்பதால், பொதுவாக ‘புகை போடுதல்’ என்கிறார்கள். வெள்ளை சேஜுக்குப் பதில் சமையலுக்கு வளர்க்கும் சாதாரண சேஜ், ரோஸ்மேரி, லாவெண்டர் என்று தொட்டியில் வளர்வதை எரிக்கிறார்கள். ஐரோப்பிய வம்சாவளி விட்ச்கள் தங்கள் சொந்தப் பாட்டிகளின் செடியான மக்வர்ட் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மக்வர்ட் அடக்க முடியாத களை. அங்கே அதை எவ்வளவு பிடுங்கினாலும் தோட்டக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். வெள்ளை சேஜே வேண்டும் என்பவர்களுக்குக் கலிபோர்னியா நாட்டுத் தாவரச் சங்கமும் பூர்வகுடி ஆர்வலர்களும் சொல்வது, நர்சரியில் வாங்கி நீங்களே வளருங்கள் என்பதுதான்.

எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்றும் இல்லை. சேஜை விட்டவர்கள் ‘பாலோ சாண்டோ’ கட்டைக்கு மாறினார்கள். ஈக்வடார், பெரு நாடுகளில் வளரும் மரம் அது. அதற்கு இப்போதைக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் இதே பெயரில் அர்ஜென்டினா, பராகுவே பக்கம் வேறொரு மரம் இருக்கிறது, அதன் சர்வதேச வர்த்தகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர்ச்சீட்டுதான்.

இந்திய ஆன்லைன் தளங்களிலும் வெள்ளை சேஜ் கட்டுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. வாங்கும் எண்ணம் இருந்தால், விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தப் பண்ணையில் விளைந்தது? பண்ணையின் பெயரும் ஊரும் சொல்ல முடிந்தால் சரி. ‘எத்திக்கல்’, ‘சஸ்டெய்னபிள்’ என்று பொதுவாகச் சொன்னால் அதற்கு எந்த அரசு முத்திரையும் கிடையாது, யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். பாக்கெட்டில் ‘வைல்ட்கிராஃப்டட்’ என்று பெருமையாகப் போட்டிருந்தால் உஷாராகிவிடுங்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தமே காட்டில் பறித்தது என்பதுதான்.